வலது பக்கச் சுவர்

கரண்ட் போகாத வயரை நான் என் வாழ்நாளில் சுவரில் அடித்தது கிடையாது. போன மாதம் ஓர் இளம் காண்ட்ராக்டர் படப்பையில் என் வீடு தேடி வந்து அதைத்தான் செய்யச் சொன்னார். ஒரகடத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் தங்கும் விடுதியின் வரவேற்பறையை ‘ஐம்பதுகளின் ஸ்டைலில்’ அலங்கரிக்கிறார்களாம். தேக்குப் பட்டை, அதன்மேல் வயர், கறுப்பு உருண்டை சுவிட்சு எல்லாம் சுவரில் தெரிய வேண்டும். நிஜக் கரண்ட் சுவருக்குள்ளே வேறு வழியில் போய்விடும்.

"அந்த சுவிட்சைப் போட்டா இன்னாப்பா எரியும்?" என்றேன்.

"ஒண்ணும் எரியாது சார். டம்மி. சும்மா ஒரு லுக்குக்கு."

"அப்ப என் வயிறுதான் எரியும். வேற ஆளப் பாரு."

காபி கொடுத்துத்தான் அனுப்பினேன். ஆனால் அவர் போன பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. ரிடையர் ஆனவன் பழைய வேலையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது என்பார்கள். உண்மைதான். அன்று முழுக்க எனக்கு, என்னை வேலைக்கு வைத்திருந்த வசந்தா மேடத்தின் ஞாபகம், ஸ்டெல்லாம்மா வீட்டு ஞாபகம். அதை எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று தோன்றுகிறது.

நான் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரிஷியன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஷிப்டும் ஓ.டி.யுமாகச் சில வருஷம் ஓடியது. மெஷின் நின்றால் திட்டுவார்கள், ஓடினால் யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த வேலை போனபோது எனக்கு வருத்தமே இல்லை. சொந்தக்காரர் ஒருவர் மூலம் மேடத்திடம் வந்து சேர்ந்தேன்.

அப்போது இந்தப் பக்கம் கம்பெனிகள் மளமளவென்று வந்துகொண்டிருந்தன. நிலத்துக்கு விலை ஏற ஏறப் பழைய வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். ஆனால் எங்காவது ஒருவர் இருப்பார், அப்பா கட்டிய வீட்டை அப்பா கட்டிய மாதிரியே திரும்பப் பார்க்க வேண்டும் என்பார். ஐம்பது, அறுபதுகளில் எழும்பிய வீடுகள். வளைந்த சன்ஷேடு, சூரியக் கதிர் போட்ட ஜன்னல் கம்பி, கறுப்பு பார்டர் கட்டிய சிவப்பு சிமெண்ட் தரை, முகப்பில் சிமெண்டிலேயே எழுதிய வருஷம். அப்படிப்பட்ட வீடுகளை மட்டும் எடுத்துச் செய்தவர் மேடம். டிப்ளமா சிவில் படித்தவர். கூடவே ஒரு கொத்தனார், ஒரு பெயிண்டர், ஓர் ஆசாரி, நான்.

முதல் நாள் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டு, வெறுங்காலோடு எல்லா அறையிலும் நடப்பார். எங்கே பூசி மறைத்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்கு முன்னால் காலுக்குத் தெரியும் என்பார். பிறகு சுவரில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பிளேடால் சுரண்டுவார். மேலே பெயிண்ட், அதற்குக் கீழே டிஸ்டெம்பர், அதற்கும் கீழே பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அடித்த சுண்ணாம்பு அடுக்கு அடுக்காக வரும். கடைசி அடுக்கு வந்ததும் ஈர விரலால் தடவி நிறத்தைப் பார்ப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசுவார். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தாலே கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவோம்.

வீட்டுக்காரர்கள் ஆசையாக ஏதாவது கேட்பார்கள். "இந்த எடத்துல ஒரு ஆர்ச்சு வெச்சா அந்தக் காலத்து வூடு மாதிரியே இருக்கும் மேடம்" என்பார்கள். மேடத்திடம் அதற்கு ஒரே கேள்விதான்.

"இருந்துச்சா?"

"இல்ல... ஆனா நல்லா இருக்கும்."

"இருந்தா வைப்போம். இல்லன்னா வாணாம்."

அதோடு பேச்சு முடிந்தது. கறார் என்றால் அப்படி ஒரு கறார். எர்த் வயர் ஒன்றில்தான் விட்டுக்கொடுப்பார். பழைய வீடுகள் பலவற்றில் எர்த்தே இருக்காது. பட்டையின் முதுகில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, வெளியே தெரியாமல் நான் அதை ஓட்டிவிடுவேன். "உயிர் விஷயம் ஏழுமலை. அதுல மட்டும் பொய் சொல்லலாம்" என்பார்.

பட்டை வயரிங் பொறுமைக்காரன் வேலை. தேக்குப் பட்டையை இழைத்து, வார்னிஷ் போட்டுக் காயவைத்து, நெருக்கமாகத் தகரக் கிளிப்புகளைச் சின்ன ஆணியால் அடித்து, அப்புறம்தான் சுவரில் ஏற்ற வேண்டும். வயர்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் படுக்கவைத்து, கட்டை விரலால் நீவி, கிளிப்பை மடக்க வேண்டும். மூலையில் வயர் வளையலாம், ஒடியக் கூடாது. அதைவிடப் பெரிய வேலை, பழைய லைன் எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடிப்பது. அந்தக் காலத்தில் சுவருக்குள் மரக்கட்டையை இறக்கி அதில்தான் பட்டையை ஆணி அடிப்பார்கள். பட்டையைப் பிடுங்கி எறிந்தாலும் முறிந்த ஆணி உள்ளேயே கிடக்கும். நான் ஒரு காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோடு உரசியபடி தொங்கவிட்டுக்கொண்டே போவேன். ஆணி இருக்கும் இடத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி. புள்ளிகளைக் கோடாகச் சேர்த்தால், பெயிண்டுக்குள் புதைந்து கிடந்த பழைய லைன் முழுசாகத் தெரிந்துவிடும். அந்த நேரத்துச் சந்தோஷத்தை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது? இதை எழுதும்போதே கை ஊறுகிறது.

ஜோசப் எங்களைத் தேடி வந்தது கொரோனாவுக்குக் கொஞ்சம் முந்தி. ஒரகடத்தில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மெயின் ரோட்டை ஒட்டிய கிராமத்தில், மிஷன் பள்ளி ஹெட்மாஸ்டராக இருந்த அவர் தாத்தா கட்டிய வீடு. கையில் நாலு காசு சேர்ந்ததும் ஜோசப் அதைப் புதுசாக்கிவிட்டார். ஃபால்ஸ் சீலிங், வழுக்கும் டைல்ஸ், கதவுக்குக் கதவு கண்ணாடி. அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் அவருடைய அம்மா ஸ்டெல்லாம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே, "நேரமாவுது, நான் வூட்டுக்குப் போவணும்" என்று கேட்பார். கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். ஒருநாள் டிரெய்லர் லாரிகள் ஓடுகிற ரோட்டில் தனியாக நடந்துபோனவரை ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்.

"அவங்க கல்யாணமாயி வந்தப்ப வூடு எப்டி இருந்துச்சோ அப்டியே ஆக்கிக் குடுங்க மேடம்" என்றார் ஜோசப். "நான்தான் எல்லாத்தையும் மாத்திப்புட்டேன். அடையாளம் தெரியாமதான் கெளம்பிக் கெளம்பிப் போறாங்க."

இதுவும் பலிக்கவில்லை என்றால் அம்மாவை ஹோமில் விடுவது என்று முடிவாகியிருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் இடம், வெளிக்கதவு எப்போதும் பூட்டியே இருக்குமாம். "ரோட்ல அடிபட்டுச் சாவறதுக்கு அது மேலுண்ணே" என்று சொல்லிவிட்டு ஜோசப்பின் மனைவி லில்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தோம். டைல்ஸைப் பெயர்த்துச் சிவப்புத் தரையைத் திரும்பப் போட்டோம். சுவருக்கு அடி அடுக்கில் கிடைத்த வெளிர் நீலம் அடித்தோம். காந்தம் காட்டிய வழியில் நான் ஹால் முழுக்கப் பட்டை ஓட்டினேன். கல்யாண போட்டோவில் இருந்த மாதிரியே நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னியாயிற்று. வேலை நடந்தபோது ஸ்டெல்லாம்மாவை லில்லியின் தாய் வீட்டில் வைத்திருந்தார்கள். முடிந்ததும் அழைத்து வந்தார்கள்.

அவர் உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிரம்பு நாற்காலியின் நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, ஜோசப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"வூடு ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார். சரி, நேரமாவுது. நான் வூட்டுக்குக் கெளம்பறேன்."

ஜோசப் அப்படியே அந்தப் புதுத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். தோளில் கை வைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனையோ வீட்டில் பழைய சுவரைப் பார்த்துப் பிள்ளைகள் அழுததைப் பார்த்திருக்கிறேன். அது சந்தோஷத்தில் வரும் அழுகை, இது வேறு.

மறுநாள் மீதிச் சாமான்களை அள்ளப் போனேன். ஹாலை ஒட்டி ஒரு சின்ன ரூம் உண்டு, ஸ்டெல்லாம்மா படுக்கும் ரூம். அவர் அதற்குள் நுழைந்ததைப் பார்த்தேன். நுழைந்ததும் வலது கை தானாக வாசலுக்கு வலது பக்கச் சுவருக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் சுவர். அதில் கையை வைத்து எதையோ திருகினார். பிறகு முகத்தை அண்ணாந்து மேலே பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்று, முகம் வாடி, திரும்பி வாசலைப் பார்க்க நடந்தார்.

"தெனமும் இப்டித்தாண்ணே. அங்க நின்னுக்கினு ஜெபம் பண்ணுவாங்க" என்றார் லில்லி.

எனக்கு அது ஜெபமாகப் படவில்லை. சுவிட்சு போடுகிறவர்கள் ஒரு விரலால் தட்டுவார்கள். இவர் ஐந்து விரலாலும் பிடித்து, மணிக்கட்டைக் கொடுத்துத் திருகினார். இடையில் ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு திருகல். அந்தக் காலத்து ஃபேன் ரெகுலேட்டர் அப்படித்தான். டிபன் பாக்ஸ் அளவுக்குக் கனமான பெட்டி, நடுவில் பெரிய குமிழ், ஒவ்வொரு நம்பருக்கும் அழுத்தித் திருப்ப வேண்டும். திருப்பினதும் ஃபேன் ஓடிவிடாது, சோம்பல் முறித்துக்கொண்டுதான் கிளம்பும். அதனால் திருப்பியவர்கள் மேலே பார்ப்பார்கள்.

மேடத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். உடனே வந்துவிட்டார்.

"இருந்துச்சா?" என்றார்.

காந்தத்தை அந்தச் சுவர் முழுக்க ஓட்டிக் காட்டினேன். எங்கேயும் ஒட்டவில்லை. மேலே கொக்கி போட்ட தடமும் இல்லை.

"இந்த ரூம்ல ஃபேனே இருந்ததில்ல மேடம்" என்றார் ஜோசப். "எங்க அப்பா ஹால்லதான் ஃபேன் போட்டாரு. அதுவும் நான் ஸ்கூல் போவறப்ப."

"அம்மாவோட பொறந்த வூடு?"

"செம்பரம்பாக்கம் பக்கம். கூர வூடு, கரண்ட்டே கெடையாது. கல்யாணத்துக்கு முந்தி கொஞ்ச நாள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தாங்களாம். குவார்ட்டர்ஸ்ல தங்கினு இருந்தாங்களாம். கல்யாணமானதும் ஹெட்மாஸ்டர் தாத்தா வேலைக்கு வாணான்னுட்டாரு, வுட்டுட்டாங்க. அதப்பத்தி அவங்க எதுவும் பேசுனதே இல்ல."

மேடம் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "ஏழுமலை, டேப்பை எடுத்துக்க" என்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கம் குவார்ட்டர்ஸ் வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்தது. உடைந்த கட்டில்கள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆபீஸில் சொன்னதும் வாட்ச்மேன் வந்து திறந்துவிட்டார். எல்லா ரூமும் ஒரே மாதிரிதான் என்றார். இடுப்பளவுக்குப் பச்சை ஆயில் பெயிண்ட், அதற்கு மேலே மெல்லிசாக ஒரு காவிக் கோடு, அதற்கு மேலே வெள்ளை. ஓர் இரும்புக் கட்டில், ஸ்பிரிங் கம்பியில் பாதி ஜன்னல் மட்டும் மறைக்கிற திரை, யூனிஃபார்ம் மாட்ட ஒரு கொக்கி. வாசலுக்கு வலது பக்கம், மரப்பலகையின்மேல் ரெகுலேட்டர். ஸ்டெல்லாம்மாவின் கை போன உயரத்தை நான் சாக்பீஸால் குறித்து அளந்து வைத்திருந்தேன். டேப்பை வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை.

மேடம் கட்டிலில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"எனக்கு அப்பா வூடு, அப்புறம் புருசன் வூடு, இப்ப புள்ள வூடு" என்றார். "எனக்குன்னு கதவச் சாத்திக்கிற மாதிரி ஒரு ரூம் இருந்ததே இல்ல ஏழுமலை. இந்த அம்மாவுக்கு இருந்திருக்கு."

நான் டேப்பைச் சுருட்டினேன். தயங்கித்தான் கேட்டேன். "மேடம், அந்த வூட்ல இதெல்லாம் இல்லையே?"

"இருந்துச்சு" என்றார். "அந்த வூட்ல இல்ல, அவ்ளோதான்."

உதவாத சாமான் என்று அந்த ரெகுலேட்டரை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். திறந்தால் உள்ளே சுருள் கம்பி அறுந்து, தொடும் முனைகளெல்லாம் கறுத்துக் கிடந்தன. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, பீங்கான்மேல் புதுக்கம்பியைப் பழைய சுற்றின் தடத்திலேயே சுற்றினேன். காயலான் கடையில் தேடிப் பழைய கனத்த ஃபேன் ஒன்றைப் பிடித்து, பேரிங் மாற்றினேன். ஸ்டெல்லாம்மாவின் ரூம் சுவருக்கு மேடம் பச்சையைத் தானே கலந்தார், பிடிக்காமல் கொட்டினார், மறுபடி கலந்தார். காவிக் கோட்டை பெயிண்டரிடம் விடாமல் நூல் கட்டித் தன் கையாலேயே இழுத்தார். இரும்புக் கட்டில், பாதி ஜன்னல் திரை, யூனிஃபார்ம் கொக்கி எல்லாம் குவார்ட்டர்ஸில் இருந்த மாதிரியே வந்தன.

ஜோசப் மட்டும் முகம் சுண்டிப்போய் நின்றார். "எங்க வூட்டுக்குள்ள ஆஸ்பத்திரி ரூம் வெக்கறீங்களே மேடம்" என்றார். கோபமில்லை, வலி. அம்மா தேடுகிற வீட்டில் தான் இன்னும் பிறக்கவே இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

வேலை முடிந்த அன்று ஸ்டெல்லாம்மாவை லில்லி கையைப் பிடித்து அழைத்து வந்தார். வாசலில் கையை விட்டுவிட்டார். ஸ்டெல்லாம்மா நுழைந்தார். வலது கை சுவருக்குப் போனது. இந்தமுறை கையில் குமிழ் அகப்பட்டது. திருகினார். மேலே பார்த்தார். ஃபேன் ஒரு முனகல் முனகி, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. காற்று திரையை அசைத்தது. அவர் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் ஜோடியாக வைத்து, காலைத் தூக்கி மேலே போட்டு, டூட்டி முடிந்து வந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"அம்மா" என்று சொல்லிக்கொண்டே ஜோசப் ஓடி வந்தார்.

ஸ்டெல்லாம்மா பதறி எழுந்தார். "ஐயையோ, ஜென்ட்ஸ் உள்ள வரக் கூடாது சார்! வெளில நில்லுங்க. மேட்ரன் பாத்தாங்கன்னா எனக்குத்தான் திட்டு வுழும்."

ஜோசப் வாசற்படிக்கு வெளியே காலை இழுத்துக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "சரிங்க சிஸ்டர்" என்றார்.

அதற்கப்புறம் ஸ்டெல்லாம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கவே இல்லை. ஹோமுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஜோசப் ஷிப்டு முடிந்து வந்ததும் ஒரு நாற்காலியை அந்த வாசலுக்கு வெளியே போட்டுக்கொள்வார். "சாப்ட்டீங்களா சிஸ்டர்?" என்பார். "ஆச்சு சார். ஒங்க பேஷண்ட்டு எப்டி கீறாரு?" என்று ஸ்டெல்லாம்மா விசாரிப்பார். லில்லியைப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் என்று நினைத்து, போர்வையின் மூலையை எப்படி மடிக்க வேண்டும் என்று விரட்டி விரட்டிச் சொல்லிக்கொடுப்பார். நான் ரெகுலேட்டரைப் பார்க்க எப்போதாவது போவேன். "கரண்ட் ஆளா? சீக்கிரம் முடிச்சுட்டுப் போப்பா" என்று என்னை உள்ளே விட்டுவிடுவார். ஜோசப் வெளியிலிருந்து என்னைப் பார்க்கிற பார்வையில் பொறாமை இருக்கும். எனக்கே பாவமாக இருக்கும்.

கொரோனா மேடத்தைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாக அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் இல்லாமல் எங்கள் கூட்டம் சிதறியது. நானும் மூட்டு வலி என்று சாக்குச் சொல்லி வேலையை விட்டேன். மூட்டு வலி கொஞ்சம்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு முன்னால் நடக்கிற ஆள் இல்லாமல் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைய எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் என் கை சட்டைப் பையில் காந்தத்தைத் தேடுகிறது.

ஸ்டெல்லாம்மா போன வருஷம் அந்தக் கட்டிலிலேயே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜோசப் கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும், ரூமைப் பழையபடி ஆக்க வேண்டும் என்றும் சொன்னார். டூல் பையோடு போனேன்.

அறைக் கதவைத் திறந்துவிட்டு ஜோசப் வெளியிலேயே நின்றார். "பிரிச்சுடலாமாண்ணே? இந்த வூட்ல மொதல்ல இல்லாததுதானே? மேடம் இருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க?"

"ஒரே கேள்விதான் கேட்டிருப்பாங்க" என்றேன். அந்தக் கேள்வியை ஜோசப்பே கேட்டார்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சு ஜோசப். இந்த வூட்லயே இருந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் டூல் பையைத் திறக்கவில்லை. கட்டிலில் போர்வை மூலை மடித்து விரித்திருந்தது, லில்லியின் கை வேலை. உள்ளே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் வாசற்படிக்கு வெளியேதான் நின்றிருந்தார்.

"உள்ள வரலாமாண்ணே?" என்றார்.

"வாப்பா."

முதலில் ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு அடுத்த கால். அந்த ரூமின் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். நான் நகர்ந்து வலது பக்கச் சுவரைக் காட்டினேன். அவர் குமிழைப் பிடித்துத் திருகினார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.